ஓசிடி ஸ்கேன் எடுக்கும் முறை: நோயாளியை அமரவைப்பது முதல் அறிக்கையை அனுப்புவது வரை

கண் மருத்துவப் பிரிவில் ஓசிடி (ஆப்டிகல் கோஹெரன்ஸ் டோமோகிராபி: ஒளியைக் கொண்டு விழித்திரையின் குறுக்குவெட்டுப் படம் எடுக்கும் முறை) கருவியின் முன் புதிதாக அமரும் ஆப்டோமெட்ரிஸ்டுகளுக்கும் தொழில்நுட்பப் பணியாளர்களுக்கும் உரியது இந்த வழிகாட்டி. மேக்குலா (விழித்திரையின் மையப்பகுதி) ஸ்கேனை முதன்மையாக வைத்து எழுதியிருக்கிறேன். பார்வை நரம்பு ஸ்கேனில் செய்முறை மாறும் இடங்களை அங்கங்கே சுட்டியிருக்கிறேன்.

பொத்தான்களைப் புதியவர்கள் விரைவில் கற்றுக்கொள்கிறார்கள். அவர்கள் தடுமாறுவது வேறிடத்தில். எப்படிப்பட்ட ஸ்கேனைக் கொடுத்தாலும் வண்ண வரைபடமும் எண்களும் நிறைந்த ஓர் அறிக்கையைக் கருவி அச்சிட்டுத் தந்துவிடும். படம் மங்கலாக இருந்தாலும், அளவீட்டுக் கோடுகள் தவறான அடுக்கில் விழுந்திருந்தாலும், அறிக்கையின் தோற்றத்தில் அது தெரிவதில்லை. ஆகவே கீழே உள்ள படிகள், பிழை எந்த இடத்தில் நுழையுமோ அந்த இடத்திலேயே அதைத் தடுக்கும் வரிசையில் அமைந்துள்ளன. வரிசையை மாற்றினால் முன்பு சரிசெய்தது பின்பு கெட்டுப்போகும்.

1. ஒளியைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டிய அளவு

அல்ட்ராசவுண்டில் ஒலி திரும்பி வரும் நேரத்தை அளந்தே ஆழத்தைக் கணக்கிட்டுவிடலாம். ஒளியோ, சில மைக்ரான் ஆழ வேறுபாட்டை நேரமாக அளக்க முடியாத வேகத்தில் செல்கிறது. அதனால் ஓசிடி கருவி அகச்சிவப்புக் கற்றை ஒன்றை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியைக் கண்ணுக்குள்ளும் மற்றதைக் கருவிக்குள் இருக்கும் ஒப்பீட்டுக் கண்ணாடிக்கும் அனுப்புகிறது. திரும்பிவரும் இரண்டும் சேரும்போது உண்டாகும் குறுக்கீட்டு வடிவத்தைப் பகுத்தால், எந்த ஆழத்திலிருந்து எவ்வளவு ஒளி எதிரொளித்தது என்பது கிடைக்கிறது.

ஒரே புள்ளியில் ஆழவாக்கில் கிடைக்கும் இந்தத் தகவல் ஏ-ஸ்கேன். ஏ-ஸ்கேன்களை அடுத்தடுத்து நிறுத்தினால் கிடைக்கும் குறுக்குவெட்டுப் படம் பி-ஸ்கேன். பி-ஸ்கேன்கள் பல சேர்ந்தால் கியூப் எனப்படும் கன ஸ்கேன். இன்று பெரும்பாலான மருத்துவமனைகளில் உள்ள ஸ்பெக்ட்ரல் டொமைன் கருவிகள் ஏறத்தாழ 840 முதல் 880 நானோமீட்டர் வரையான அலைநீள ஒளியைப் பயன்படுத்துகின்றன; ஸ்வெப்ட் சோர்ஸ் கருவிகள் 1050 நானோமீட்டர் அளவிலான ஒளியைப் பயன்படுத்துவதால் கோராய்டுக்குள் (விழித்திரைக்குப் பின்னாலுள்ள இரத்தக் குழாய் அடுக்கு) இன்னும் ஆழமாகச் செல்கின்றன.

இயற்பியல் இதற்கு மேல் தேவையில்லை. ஆனால் இதிலிருந்து வரும் மூன்று விளைவுகள் அன்றாட வேலையில் ஓயாமல் குறுக்கிடும்.

முதலாவது, ஆழவாக்கிலான நுண்மை (ஏறத்தாழ 5 முதல் 7 மைக்ரான்) ஒளிமூலத்தின் அலைநீள அகலத்தைப் பொறுத்தது. பக்கவாட்டு நுண்மை (15 முதல் 20 மைக்ரான்) நோயாளியின் கண்ணிலுள்ள ஒளியமைப்பைப் பொறுத்தது. எனவே கருவி எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும், கலங்கிய கண்ணீர்ப் படலத்தை அது தாண்டி வராது.

இரண்டாவது, படத்தில் தெரியும் வெளிச்சம் திசுவின் நிறமன்று. அது எதிரொளிப்பின் அளவு. மேலே உள்ள ஒன்று ஒளியைத் தடுத்தால் அதற்குக் கீழே நிழல் விழும்.

மூன்றாவது, ஒரு நேரத்தில் கருவி பார்க்கும் ஆழம் ஸ்பெக்ட்ரல் டொமைன் கருவிகளில் ஏறத்தாழ 2 மி.மீ. மட்டுமே. அந்தச் சட்டகத்தின் மேல் எல்லையைத் திசு தாண்டினால் படம் மறைவதில்லை; தலைகீழாகத் திரும்பி விழுகிறது.

2. நோயாளியை அழைப்பதற்கு முன்

அன்றைய பரிசோதனைகளின் வரிசையை முதலில் பாருங்கள். ஃப்ளோரசீன் இட்டுக் கண்ணழுத்தம் அளப்பது, கூழ் வைத்துக் கண்ணில் லென்ஸ் பொருத்திப் பார்க்கும் கோனியோஸ்கோப்பி போன்றவை ஓசிடிக்குப் பின்பே நடக்க வேண்டும். அவை முன்னால் நடந்தால் கருவிழியின் (கார்னியா) மேற்பரப்பு மங்கி, சிக்னல் இறங்கிவிடும். கூட்டம் மிகுந்த நாட்களில் இந்த வரிசைதான் முதலில் தவறுகிறது.

அடுத்து, மருத்துவர் எந்தக் கேள்விக்காக அனுப்பியிருக்கிறார் என்பதைச் சீட்டில் படியுங்கள். நீரிழிவு வீக்கமா, குளுக்கோமாவா, மையப் பார்வை கோணலாகத் தெரிகிறது என்ற புகாரா என்பதைப் பொறுத்து ஸ்கேன் வகை மாறும். ‘ஓசிடி, இரு கண்கள்’ என்று மட்டும் எழுதியிருந்தால் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்வதே முறை. ஊகித்து எடுத்த ஸ்கேனால் நோயாளி இரண்டாம் முறை வரவேண்டியிருக்கும்.

கண்மணி 3 மி.மீ. அளவில் இருந்து ஊடகமும் தெளிவாக இருந்தால், சொட்டு மருந்து இடாமலே பெரும்பாலும் நல்ல படம் கிடைக்கும். கண்புரை உள்ளவர்களுக்கும், நீண்ட கால நீரிழிவால் கண்மணி சுருங்கியவர்களுக்கும் கண்மணியை விரிப்பது நேரத்தை மிச்சப்படுத்தும். ட்ரோபிகமைடு சொட்டு வேலை செய்ய 20 முதல் 30 நிமிடம் ஆகும். முன்கோணம் குறுகலாக இருக்கிறதா என்று மருத்துவர் பார்த்திருக்க வேண்டும். அந்தப் பதிவு இல்லாமல் சொட்டு இடாதீர்கள்.

பதிவேட்டில் பழைய அடையாள எண்ணைத் தேடிய பிறகே புதிய பதிவு தொடங்குங்கள். ஒரே நபருக்கு இரண்டு பதிவுகள் உருவாகிவிட்டால், முந்தைய ஸ்கேனோடு ஒப்பிடும் வசதியைக் கருவி பயன்படுத்த இயலாது. பிறந்த தேதியும் சரியாக இருக்க வேண்டும். இயல்பளவுத் தரவுத்தளம் வயதை வைத்தே ஒப்பிடுகிறது. கருவிழி வளைவைக் கேட்கும் கருவியானால் (ஸ்பெக்ட்ராலிஸ் அப்படிப்பட்டது) அளந்த எண்ணை உள்ளிடுங்கள். உள்ளிடாவிட்டால் 7.7 மி.மீ. என்ற பொது எண்ணைக் கருவி எடுத்துக்கொள்ளும். பக்கவாட்டு அளவுகள் அதற்கேற்ப விலகும்.

கருவியின் முன் லென்ஸில் மூக்கு நுனியோ இமை முடியோ பட்டுப் படிந்த எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். அதற்குரிய துணியால் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

3. அமரவைப்பதும் பேசுவதும்

நாற்காலியின் உயரத்தை முதலிலும், கருவி மேசையின் உயரத்தைப் பிறகும், தாடைத் தாங்கியைக் கடைசியிலும் சரிசெய்யுங்கள். தாங்கியின் தூணில் உள்ள கோட்டுக்கு நேராகக் கண்ணின் வெளிமுனை வரவேண்டும். முதுகை வளைத்து எட்டி அமர்ந்தவர் சில நொடிகளில் பின்னால் நகர்வார். நெற்றி பட்டையை விட்டு விலகியதும் ஆழம் மாறிப் படம் சட்டகத்திலிருந்து நழுவும். நடுவில் ஏற்படும் பாதிச் சிக்கல்கள் இந்த இருக்கைச் சிக்கலிலிருந்து வருபவையே.

என்ன நடக்கும் என்பதை ஒளியை இயக்கும் முன் சொல்லிவிடுங்கள். “அம்மா, உள்ளே ஒரு சின்னக் குறி தெரியும், அதையே பார்த்துக்கிட்டு இருங்க. பக்கத்தில ஒரு சிவப்புக் கோடு நகரும், அது பின்னாடி கண்ணு போகக் கூடாது. நான் சொல்றப்ப கண்ணை நல்லா மூடித் திறங்க” என்பது போதும். சிவப்புக் கோட்டைப் பற்றி முன்கூட்டிச் சொல்லாவிட்டால் ஏறக்குறைய எல்லோருமே அதைப் பின்தொடர்கிறார்கள்.

இமைக்கவே கூடாது என்று மட்டும் சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் நோயாளி வெகுநேரம் கண்ணை விரித்து வைத்திருப்பார். ஸ்கேன் தொடங்கும்போது கண்ணீர்ப் படலம் உடைந்து காய்ந்திருக்கும்.

மையப் பார்வை போனவருக்கு உள்ளிருக்கும் குறி தெரியாது. அவருக்குக் கருவியின் வெளிக்குறியை மற்றக் கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள். அல்லது குறியின் அளவைப் பெரிதாக்குங்கள். ‘தெரிகிறதா?’ என்று கேட்டால் மரியாதைக்காகவேனும் ‘தெரிகிறது’ என்று சொல்லும் பெரியவர்கள் உண்டு. ‘அது எந்த நிறத்தில் இருக்கிறது?’ என்று கேட்பது நல்லது.

4. கண்மணி, குவியம், ஆழம்: இந்த வரிசையில்

அ) கண்மணியின் நடுவில் நுழையுங்கள். கண்மணிப் படத்தைப் பார்த்துக் கற்றையை நடுவில் நிறுத்துவது முதல் வேலை. கற்றை ஓரமாக நுழைந்தால் பி-ஸ்கேன் ஒரு பக்கம் சாயும். சாய்வு வெறும் அழகுக் குறைவு அன்று: ஃபோவியாவைச் (மேக்குலாவின் நடுக்குழி) சுற்றியுள்ள ஹென்லே இழை அடுக்கு, ஒளி விழும் கோணத்தைப் பொறுத்து ஒரு பக்கம் வெளிச்சமாகவும் மறுபக்கம் இருட்டாகவும் தெரிந்து, புதியவரை நோய் என்று எண்ண வைக்கும். படம் சாய்ந்திருந்தால் கருவியை மெல்லப் பக்கவாட்டில் நகர்த்திச் சமன்படுத்துங்கள்.

கண்புரை உள்ள கண்ணில் மட்டும் இந்த விதியைச் சற்றுத் தளர்த்தலாம். கலக்கம் நடுவிலேயே இருந்தால், தெளிவான இடைவெளி கிடைக்கும்வரை கற்றையைக் கொஞ்சம் விலக்குவது பயன் தரும். சிறிது சாய்ந்த தெளிவான படம், நேரான மங்கல் படத்தைவிட மேல்.

ஆ) குவியத்தைச் சரிசெய்யுங்கள். நோயாளியின் பவரை ஏறத்தாழ உள்ளிட்டு, விழித்திரைப் படத்தில் இரத்தக் குழாய்கள் கூர்மையாகத் தெரியும்வரை திருகுங்கள். ஆழத்தைச் சரிசெய்த பிறகு இதைச் செய்தால் மறுபடியும் ஆழத்தைத் தொட வேண்டிவரும்.

இ) ஆழத்தைப் பொருத்துங்கள். மேக்குலா ஸ்கேனில் விழித்திரையைச் சட்டகத்தின் மேல் மூன்றில் ஒரு பங்கில் நிறுத்துங்கள். பெரும்பாலான ஸ்பெக்ட்ரல் டொமைன் கருவிகளில் மேல் எல்லைக்கு அருகே உணர்திறன் அதிகம், கீழே போகப்போகக் குறையும். ஆனால் மேல் எல்லையைத் தொடும் அளவுக்கு ஏற்றக் கூடாது. முன்பு சொன்ன தலைகீழ்ப் படம் அங்கேதான் தொடங்கும். கோராய்டைப் பார்ப்பதற்கான ஆழப் பதிவு முறையில் உணர்திறன் மிகுந்த எல்லை கோராய்டின் பக்கம் மாற்றப்படுகிறது. அதற்கென உள்ள பொத்தானைப் பயன்படுத்துங்கள்.

ஈ) கடைசியாக ஆப்டிமைஸ் பொத்தானை அழுத்துங்கள். கருவிழி ஒளியின் முனைவாக்கத்தை மாற்றுவதால் அதை ஈடுசெய்யும் திருத்தத்தைச் சில கருவிகள் இதில் செய்கின்றன. மேலே உள்ள மூன்றும் சரியாக இல்லாமல் இதை மட்டும் திரும்பத் திரும்ப அழுத்துவது, புதியவர்களிடம் நான் மிக அதிகமாகக் காணும் பழக்கம். அதனால் பயனில்லை.

5. எந்த ஸ்கேன்?

மேக்குலாவுக்குக் கன ஸ்கேன் ஒன்றும், ஃபோவியா வழியாகச் செல்லும் சராசரியாக்கப்பட்ட வரி ஸ்கேன் ஒன்றும் எடுப்பது அடிப்படை. சிர்ரஸ் கருவியின் 512 × 128 கியூப் 6 × 6 மி.மீ. பரப்பை 128 பி-ஸ்கேன்களால் மூடுகிறது. கோடுகளுக்கு இடையே ஏறத்தாழ 47 மைக்ரான் இடைவெளி. கோடுகளைக் குறைத்து 240 மைக்ரான் இடைவெளியில் எடுத்தால் நேரம் மிச்சமாகும். ஆனால் சிறிய நீர்க்கட்டி ஒன்று இரு கோடுகளுக்கு நடுவே சிக்காமல் போகலாம். கண்ணுக்குள் ஊசி போடுவதா வேண்டாமா என்பதை ஸ்கேனைப் பார்த்து முடிவு செய்யும் நோயாளிக்கு அடர்த்தியான கியூபையே தேர்ந்தெடுங்கள்.

வரி ஸ்கேனில் ஒரே இடத்தைப் பலமுறை எடுத்துச் சராசரியாக்குவதால் புள்ளிப்புள்ளியான இரைச்சல் குறைகிறது. தெளிவு, எடுக்கும் படங்களின் எண்ணிக்கைக்கு நேராக வளர்வதில்லை. அதன் வர்க்கமூலத்துக்கே வளர்கிறது. 16 படங்களிலிருந்து 64-க்குப் போனால் தெளிவு இரண்டு மடங்குதான். நிலையாகப் பார்க்க முடியாதவரை 100 படங்களுக்காக வாட்டுவதில் பொருளில்லை.

குளுக்கோமாவுக்குப் பார்வை நரம்பு வட்டின் கியூப் எடுங்கள். சிர்ரஸ் அதிலிருந்து 3.46 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் நரம்பிழை அடுக்கின் தடிமனைக் கணக்கிடுகிறது. மேக்குலாவின் கேங்லியன் செல் (நரம்பிழைகள் தொடங்கும் செல்) பகுப்பாய்வையும் சேர்த்தே எடுப்பது நல்லது.

6. ஸ்கேன் எடுக்கும் நொடிகள்

இமைக்கச் சொல்லுங்கள், கண் திறந்ததும் ஒரு நொடி விடுங்கள், பிறகு அழுத்துங்கள். 512 × 128 கியூபில் 65,536 ஏ-ஸ்கேன்கள் உள்ளன. நொடிக்கு 27,000 ஏ-ஸ்கேன் எடுக்கும் கருவிக்கு இரண்டரை நொடிக்குச் சற்றுக் குறைவாக ஆகும். புதிதாக விரிந்த கண்ணீர்ப் படலம் அவ்வளவு நேரம் தாங்கும். வறண்ட கண்ணானால் செயற்கைக் கண்ணீர் ஒரு சொட்டு விட்டு, சில முறை இமைக்கவைத்து எடுங்கள். சிக்னல் உயர்வதைத் திரையிலேயே காணலாம்.

எடுத்த படத்தை, நோயாளியின் தாடை தாங்கியில் இருக்கும்போதே சரிபாருங்கள். அவர் எழுந்து போனபின் குறை தெரிந்தால் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும்.

7. ஏற்பதா, மீண்டும் எடுப்பதா?

சிக்னல் எண்ணை முதலில் பாருங்கள். சிர்ரஸில் 10-க்கு 6-க்குக் குறையக் கூடாது. ஸ்பெக்ட்ராலிஸில் பொதுவாக 20 டெசிபெலுக்கு மேல் எதிர்பார்க்கப்படுகிறது. சிக்னல் குறைந்தால் நரம்பிழை அடுக்கு உண்மையைவிட மெலிந்ததாக அளவிடப்படும். இல்லாத குளுக்கோமாவை அறிக்கை காட்டும். ஆனால் எண் நன்றாக இருப்பதாலேயே படம் நல்லது என்று கொள்ளாதீர்கள். அந்த எண் முழு ஸ்கேனின் சராசரி. ஒரு மூலை முற்றிலும் இருண்டிருந்தாலும் எண் 8 வரலாம்.

அடுத்து, விழித்திரைப் படத்தில் குறுக்கே கறுப்புப் பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நோயாளி அங்கே இமைத்திருக்கிறார். இரத்தக் குழாய் திடீரென்று வெட்டுண்டு பக்கவாட்டில் நகர்ந்து தொடர்ந்தால் கண் அசைந்திருக்கிறது. இரண்டிலும் மறுபடி எடுங்கள். பட்டை ஓரத்தில் விழுந்து, மையப்பகுதி பாதிக்கப்படாத மேக்குலா ஸ்கேனை மட்டும், நோயாளி களைத்திருந்தால், ஏற்றுக்கொள்ளலாம். பார்வை நரம்பு ஸ்கேனில் அளவீட்டு வட்டத்தின் மேல் விழுந்த பட்டையை ஒருபோதும் ஏற்கக் கூடாது.

மையம் விலகியிருப்பது அவ்வளவு எளிதில் கண்ணில் படாது. ஈடிடிஆர்எஸ் கட்டம் எனப்படும் 1, 3, 6 மி.மீ. வட்டங்களின் நடுவில் ஃபோவியா இருக்க வேண்டும். அது விலகினால், ஃபோவியாவைச் சுற்றியுள்ள தடித்த பகுதி நடு வட்டத்துக்குள் வந்து, இல்லாத வீக்கத்தை எண் காட்டும். நோயாளி சரியாகவே பார்க்காதிருந்தால் மீண்டும் எடுங்கள். ஃபோவியா கியூபுக்குள் இருந்து கட்டம் மட்டும் விலகியிருந்தால் கட்டத்தைக் கையால் நகர்த்தினால் போதும்.

அதிகக் கிட்டப்பார்வை உள்ள கண்ணில் விழித்திரை கிண்ணம்போல் வளைந்திருப்பதால், ஓரம் மேல் எல்லையைத் தாண்டித் தலைகீழாக மடிந்து தெரியும். ஆழத்தைச் சற்றுக் கீழிறக்குங்கள். அப்போதும் அடங்காவிட்டால் குறுகலான ஸ்கேனைத் தேர்ந்தெடுங்கள்.

நிழல்களைப் பிரித்தறியுங்கள். இரத்தக் குழாய்க்குக் கீழே விழும் மெல்லிய நிழல் இயல்பு. அகன்ற நிழல் எல்லாப் பி-ஸ்கேன்களிலும் ஒரே இடத்தில் விழுந்தால் அது விட்ரியஸில் (கண்ணுக்குள் நிறைந்துள்ள கூழ்) மிதக்கும் கலக்கமாகவோ கண்புரையாகவோ இருக்கலாம். கண்ணைச் சில முறை மேலும் கீழும் அசைக்கச் சொல்லி மறுபடி எடுத்தால், மிதக்கும் பொருளின் நிழல் இடம் மாறும். கண்புரையின் நிழல், கற்றை நுழையும் இடத்தை மாற்றினால் நகரும். எதைச் செய்தும் நகராதது விழித்திரையிலேயே உள்ளது.

இடது வலது மாறிவிட்டதா என்பதையும் ஒரு பார்வை பாருங்கள். கிடைமட்ட மேக்குலா ஸ்கேனில் நரம்பிழை அடுக்கு மூக்குப்பக்கம் தடிப்பாக இருக்கும். வலது கண்ணானால் அது படத்தின் வலப்பக்கம் வரும்.

8. எண்களுக்கு முன் கோடுகள்

தடிமன் எண்ணைக் கருவி எப்படிப் பெறுகிறது? மேல் எல்லையிலும் கீழ் எல்லையிலும் அதுவே ஒரு கோடு வரைந்து, இடைப்பட்ட தூரத்தை அளக்கிறது. வீக்கம், இரத்தக் கசிவு, தழும்பு உள்ள கண்ணில், அதாவது எண் மிகவும் தேவைப்படும் கண்ணிலேயே, கோடு தவறிப்போகும். ஆகவே வண்ண வரைபடத்தைத் திறப்பதற்கு முன் பி-ஸ்கேன்களை ஒவ்வொன்றாக நகர்த்தி, கோடுகள் உரிய அடுக்கில் ஓடுகின்றனவா என்று பாருங்கள். எல்லாவற்றையும் பார்க்க நேரமில்லையெனில் நடு வட்டத்துக்குள் வரும் பி-ஸ்கேன்களையாவது தவறாமல் பாருங்கள்.

வரைபடத்தில் பட்டாம்பூச்சி வடிவிலோ, கூர்மையான முக்கோணமாகவோ ஒரு நிறத் திட்டு தெரிந்தால் அது பெரும்பாலும் கோட்டுப் பிழை. உண்மையான வீக்கத்துக்கு அவ்வளவு நேரான விளிம்பு இருப்பதில்லை. கோட்டைக் கையால் திருத்தி மறுகணக்கீடு செய்யுங்கள். திருத்தியதை அறிக்கையில் குறியுங்கள்.

ஒவ்வொரு நிறுவனமும் கீழ்க்கோட்டை வெவ்வேறு இடத்தில் வரைகிறது. அதனால் ஒரே கண்ணுக்கு இரு கருவிகள் வெவ்வேறு தடிமன் சொல்லும். நீரிழிவு மேக்குலா வீக்கத்துக்கான டிஆர்சிஆர் ஆய்வு வலையமைப்பின் நெறிமுறைகளில், நடு வட்டத்தின் வீக்க வரம்பு சிர்ரஸுக்குப் பெண்களில் 290, ஆண்களில் 305 மைக்ரான் என்றும், ஸ்பெக்ட்ராலிஸுக்கு 305, 320 என்றும் தனித்தனியே வைக்கப்பட்டது இதனால்தான். வேறு மருத்துவமனையிலிருந்து வந்த அறிக்கையின் எண்ணோடு இன்றைய எண்ணைக் கழித்துப் பார்த்து ‘குறைந்திருக்கிறது’ என்று நோயாளியிடம் சொல்லாதீர்கள்.

பச்சை, மஞ்சள், சிவப்பு நிறங்கள் நோயைச் சொல்பவையல்ல. அதே வயதினரின் தரவுத்தளத்தில் இந்த அளவு எவ்வளவு அரிது என்பதை மட்டும் சொல்பவை. அத்தகைய தரவுத்தளங்களில் அதிகக் கிட்டப்பார்வைக் கண்கள் பொதுவாக இடம்பெறாததால், அவர்களுக்குச் சிவப்பு எளிதில் வந்துவிடும். பச்சையும் அப்படியே ஏமாற்றும்: தொடக்கத்தில் தடித்த நரம்பிழை அடுக்கு கொண்டவருக்கு, நிறைய இழந்த பிறகும் பச்சையே காட்டக்கூடும்.

9. படத்தைப் பார்க்கும் வரிசை

நோயைத் தீர்மானிப்பது மருத்துவர் வேலை. ஆனால் எதைத் தவறவிடக் கூடாது என்று தெரிந்தால்தான் கூடுதல் வரி ஸ்கேன் எடுக்க வேண்டிய இடம் உங்களுக்குப் புலப்படும்.

மேலிருந்து கீழாகப் பாருங்கள். விட்ரியஸ் விலகியிருக்கிறதா, ஃபோவியாவை இழுக்கிறதா, மேற்பரப்பில் சவ்வு படர்ந்து சுருக்கம் உண்டாக்குகிறதா, ஃபோவியாக் குழி இருக்கிறதா, உள்ளடுக்குகளில் கறுப்பான நீர்க்கட்டிகள் உள்ளனவா, நிழல் விழுத்தும் பளிச்சென்ற கொழுப்புப் படிவுகள் உள்ளனவா, எலிப்சாய்டு கோடு (ஒளியுணர் செல்களைக் காட்டும் வெளிச்சக் கோடு) அறுபடாமல் ஓடுகிறதா, விழித்திரைக்கும் நிறமி அடுக்குக்கும் நடுவே நீர் தேங்கியிருக்கிறதா, நிறமி அடுக்கு எங்காவது மேடாகிறதா, கோராய்டு தடித்திருக்கிறதா.

போலி வண்ணப் படத்தைவிட்டுச் சாம்பல் நிறப் படத்தில் பார்ப்பதே என் பரிந்துரை. வண்ணத்தில் சிறிய எதிரொளிப்பு வேறுபாடு நிற எல்லையாக மாறி, இல்லாத அடுக்கொன்றைக் காட்டிவிடும். திரையில் படம் செங்குத்தாக இழுக்கப்பட்டிருக்கும் என்பதையும் மறக்காதீர்கள். செங்குத்தான மேடுபோல் தெரிவது, ஒன்றுக்கொன்று அளவில் பார்த்தால் மெல்லிய சரிவாக இருக்கும்.

10. அடுத்த முறை வரும்போது

தொடர் ஸ்கேனை அதே கருவியில், அதே வகை ஸ்கேனில், முந்தைய படத்தைக் குறியாக வைத்துப் பின்தொடரும் வசதியை இயக்கி எடுங்கள். முதல் ஸ்கேன் மையம் விலகியதாக இருந்தால் பின்னால் வரும் எல்லா ஸ்கேன்களும் அதே விலகலோடு அமையும். அப்போது புதிதாக ஓர் அடிப்படை ஸ்கேனைத் தொடங்குவதே சரி. குளுக்கோமா நோயாளிக்குத் தொடக்கத்திலேயே இரண்டு நல்ல ஸ்கேன்கள் எடுத்து வைப்பது பின்னால் பெரிதும் உதவும்.

நரம்பிழை அடுக்கின் சராசரியில் 2, 3 மைக்ரான் ஏறுவதும் இறங்குவதும் அளவீட்டின் இயல்பான அலைவு. சிக்னல் இறங்கிய நாளில் வந்த மெலிவை மாற்றமாக எண்ணுவதற்கு முன் மறுபடி எடுங்கள்.

அறிக்கையை அனுப்பும்போது குறிப்புப் பகுதியை வெறுமையாக விடாதீர்கள். சொட்டு இட்டு எடுத்ததா, இடாமல் எடுத்ததா, சிக்னல் ஏன் குறைந்தது, எத்தனையாவது முயற்சி, எந்தக் கோடு கையால் திருத்தப்பட்டது, நோயாளி வெளிக்குறியைப் பார்த்தாரா என்று ஒரே வரியில் எழுதுங்கள். ‘நடுவில் கண்புரை, சிக்னல் 5, மூன்று முயற்சிகளில் சிறந்தது, கீழ்க்கோடு 4 பி-ஸ்கேன்களில் திருத்தப்பட்டது’ என்ற வரியைப் படிக்கும் மருத்துவர், அந்த அறிக்கையின் எந்த எண்ணை நம்பலாம் என்பதை உங்களை அழைத்துக் கேட்காமலே முடிவு செய்துகொள்வார்.